வீட்டூர்தியைச் சரிவில் மட்டப்படுத்தல்

வீட்டூர்தியைச் சரிவில் மட்டப்படுத்தல் என்பது, மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டூர்தி ஒன்று சரிவான தரையில் நிறுத்தப்பட்டிருக்கும்போது, அதன் தளம் கிடைமட்டமாக அமையும்படி தாழ்ந்த பக்கத்தை உயர்த்தி நிலைநிறுத்தும் செயல் ஆகும். முகாம் மைதானங்களில் பெரும்பாலும் சில சென்டிமீட்டர் உயர்த்தினாலே போதுமானது. ஆனால், வட அமெரிக்காவில் பலர் தமது வீட்டூர்தியை நிறுத்தி வைக்கும் இடம் வீட்டின் முன்னுள்ள வாகனப்பாதை ஆகும். இப்பாதை பொதுவாக வீட்டிலிருந்து தெருவை நோக்கிச் சரிந்திருப்பதால், அங்கு மட்டப்படுத்துவது கூடுதல் கவனத்தை வேண்டுவதாக உள்ளது.

ஊர்தியை உயர்த்துவதற்கு மரப்பலகை முதல் நீரியல் ஜாக்கி வரை பல கருவிகள் உள்ளன. எனினும், சரிவில் இச்செயல் பாதுகாப்பானதா என்பதைக் கருவியைவிட ஒரு கேள்வியே தீர்மானிக்கின்றது. ஊர்தி உருண்டோடாமல் பிடித்து வைத்திருக்கும் சக்கரங்கள் எவை, உயர்த்திய பின்னரும் அவை தம் சுமையுடன் தரையில் ஊன்றி நிற்குமா என்பதே அக்கேள்வி.

பின்னணி

படுக்கை, சமையலிடம், கழிவறை முதலியவற்றைத் தன்னகத்தே கொண்டு, தனது சொந்த இயந்திரத்தால் இயங்கும் ஊர்தியே வீட்டூர்தி ஆகும். மற்றொரு வண்டியால் இழுத்துச் செல்லப்படும் கேரவனிலிருந்து இது வேறுபட்டது. 1910 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் வெளியிட்ட டூரிங் லேண்டோ இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி நகரைச் சேர்ந்த வின்னபேகோ நிறுவனம் 1966 இல் வீட்டூர்திகளைத் தொடராக உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னர், இவை நடுத்தரக் குடும்பங்களிடையே பரவின. 1973 முதல் 1978 வரை உற்பத்தி செய்யப்பட்ட ஜிஎம்சி வீட்டூர்தியின் பின்பகுதி காற்றுப் பைகளின் மீது அமைந்திருந்தது. இப்பைகளில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் பின்பகுதியின் உயரத்தை மாற்ற முடிந்தது.

வீட்டூர்தி பயணத்தில் இருக்கும் நாட்களைவிட வீட்டில் நிற்கும் நாட்களே பொதுவாக அதிகம். வீட்டில் நிற்கும்போதும் அதனை மட்டப்படுத்த வேண்டிய சந்தர்ப்பங்கள் பின்வருமாறு:

• பயணத்துக்கு முந்திய நாளே குளிர்சாதனப் பெட்டியை இயக்கிக் குளிர்வித்து, உணவுப் பொருட்களை அடுக்குதல்
• விருந்தினரை ஊர்தியில் உறங்கச் செய்தல்
• உட்புறப் பழுதுபார்ப்பு, துப்புரவு
• நீர்த்தொட்டிகளைக் கழுவி வடித்தல்

மட்டப்படுத்தலின் தேவை

உறிஞ்சுவகைக் குளிர்சாதனப் பெட்டி

வீட்டூர்தி மட்டமாக நிற்க வேண்டும் என்பதற்கான தலையாய தொழில்நுட்பக் காரணம் அதன் குளிர்சாதனப் பெட்டி ஆகும். வீடுகளில் உள்ள பெட்டிகள் மின்சாரத்தால் இயங்கும் அமுக்கியைக் கொண்டவை. பல வீட்டூர்திகளிலோ, எரிவாயுச் சுடராலோ மின்வெப்பத்தாலோ இயங்கும் உறிஞ்சுவகைப் பெட்டி பொருத்தப்பட்டுள்ளது. மின்னிணைப்பு இல்லாத இடத்திலும் இயங்குவது இதன் சிறப்பு. இதனை 1922 இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் அரச தொழில்நுட்பக் கழக மாணவர்களாக இருந்த பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகிய இருவரும் உருவாக்கினர். பின்னர் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இதன் உரிமையைப் பெற்று உலகெங்கும் பரப்பியது.

இப்பெட்டியின் குழாய்களுக்குள் அமோனியா, நீர், ஐதரசன் ஆகிய மூன்றும் அடைக்கப்பட்டுள்ளன. அடியிலுள்ள கொதிகலத்தில் அமோனியா கலந்த நீர் சூடாக்கப்படும்போது அமோனியா ஆவியாகி மேலெழுகின்றது. உச்சியிலுள்ள ஒடுக்கியில் அது குளிர்ந்து நீர்மமாகிக் கீழிறங்குகின்றது. அங்கு ஐதரசனுடன் கலந்து மீண்டும் ஆவியாகும்போது பெட்டியின் உட்புற வெப்பத்தைக் கவர்கின்றது. பின்னர் நீர் அந்த அமோனியாவை உறிஞ்சிக்கொண்டு கொதிகலத்துக்குத் திரும்புகின்றது. இச்சுற்றில் எக்கியோ அடைப்பிதழோ அசையும் பகுதியோ எதுவும் இல்லை. நீர்மத்தைத் திருப்பிக் கொண்டுவருவது புவியீர்ப்பு மட்டுமே ஆகும்.

குழாய்களின் சாய்வு மிகவும் குறைவு. ஆதலால், பெட்டி முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்தால் நீர்மம் திரும்பி ஓடாமல் இடையில் தேங்கிவிடும். அந்நிலையிலும் கொதிகலம் தொடர்ந்து சூடாக்கப்படுகின்றது. குழாய் துருப்பிடிக்காமல் இருப்பதற்காகக் கரைசலில் சேர்க்கப்பட்டுள்ள சோடியம் குரோமேட்டு மிகை வெப்பத்தால் கரைசலிலிருந்து பிரிந்து படிந்து குழாயை அடைத்துக்கொள்கின்றது. இச்சேதம் மெல்ல மெல்லச் சேர்வது. பின்னர் ஊர்தியை மட்டப்படுத்தினாலும் அடைப்பு நீங்குவதில்லை. குழாய் வெடிப்புற்றால் அமோனியாவும், எரியக்கூடிய ஐதரசனும் கசியக்கூடும்.

ஊர்தி ஓடிக்கொண்டிருக்கும்போது சாய்வு அடிக்கடி மாறுவதாலும், குலுக்கத்தால் நீர்மம் கலக்கப்படுவதாலும் இச்சிக்கல் எழுவதில்லை. பெட்டி அணைக்கப்பட்டிருக்கும்போதும் சாய்வினால் தீங்கு இல்லை. நிறுத்தப்பட்ட ஊர்தியில் பெட்டி இயங்கிக்கொண்டிருக்கும் நிலையே ஆபத்தானது.

தயாரிப்பாளர்களின் கையேடுகளில் பரவலாகக் காணப்படும் எல்லை, பெட்டியின் பக்கவாட்டில் 3 பாகை, முன்பின்னாக 6 பாகை என்பதாகும். இங்கு பக்கவாட்டு என்பது ஊர்தியின் பக்கவாட்டு அன்று. பெட்டியின் கதவை நோக்கி நிற்பவரின் இடமும் வலமுமே ஆகும். பெட்டி ஊர்தியின் பக்கச் சுவரில் பொருத்தப்பட்டு நடைவழியை நோக்கியிருந்தால், ஊர்தியின் நீளவாட்டுச் சாய்வு பெட்டிக்குப் பக்கவாட்டுச் சாய்வாகிவிடும். பல ஊர்திகளில் இவ்வமைப்பே உள்ளது. அவற்றில் நீளவாட்டுச் சரிவுக்கு 6 பாகை வரை இடமுண்டு என எண்ணுவது தவறாகும். உண்மையான எல்லை 3 பாகையே.

அமுக்கிவகைப் பெட்டிகள் இதைவிட அதிகச் சாய்வைத் தாங்கவல்லவை. அண்மைக் காலத்தில் 12 வோல்ட்டு மின்னோட்டத்தில் இயங்கும் அமுக்கிவகைப் பெட்டிகள் புதிய வீட்டூர்திகளில் மிகுதியாகப் பொருத்தப்படுகின்றன. இத்தகைய ஊர்திகளுக்கு மேற்கூறிய கட்டுப்பாடு அத்துணைக் கடுமையாகப் பொருந்தாது.

பிற காரணங்கள்

• படுக்கை சாய்ந்திருந்தால் உறங்குபவர் ஒரு பக்கமாகச் சரிவர்; தலை தாழ்ந்திருந்தால் உறக்கம் கெடும்.
• குளியலிடத்திலும் கழுவுதொட்டியிலும் நீர் வடிதுளையை நோக்கி ஓடாமல் மூலையில் தேங்கும்.
• நீர்த்தொட்டிகளின் அளவுகாட்டி தவறான அளவைக் காட்டும்.
• கதவுகளும் இழுப்பறைகளும் தாமாகத் திறந்து மூடும்.
• பக்கச் சுவரிலிருந்து வெளியே நகரும் அறைகளை உடைய ஊர்திகளில், அவ்வறைகள் சரிவை எதிர்த்து நகர வேண்டியிருப்பதால் இயங்குபொறி சுமையுறும்.

சரிவை அளத்தல்

சரிவை விழுக்காட்டிலும் பாகையிலும் கூறுவதுண்டு. 100 சென்டிமீட்டர் கிடைத்தூரத்தில் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால் அது 5 விழுக்காட்டுச் சரிவு ஆகும். பாகையில் இது சுமார் 2.9 ஆகும்.

ஊர்தியை முழுமையாக மட்டப்படுத்துவதற்கு ஒரு முனையில் தேவைப்படும் உயரத்தைப் பின்வருமாறு கணிக்கலாம்:

உயர்த்த வேண்டிய அளவு = அச்சிடைத் தூரம் × சரிவு

அச்சிடைத் தூரம் என்பது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம். அமெரிக்காவில் பெரிய வீட்டூர்திகள் பலவற்றுக்கு அடிச்சட்டமாக அமையும் ஃபோர்டு எஃப்-53 இன் ஒரு வடிவத்தில் இது 208 அங்குலம், அதாவது சுமார் 5.28 மீட்டர் ஆகும். அவ்வூர்திக்கு முன் அச்சின் நேரே தேவைப்படும் உயரம்:

• 2 விழுக்காடு (1.1 பாகை): சுமார் 11 செ.மீ.
• 3 விழுக்காடு (1.7 பாகை): சுமார் 16 செ.மீ.
• 5 விழுக்காடு (2.9 பாகை): சுமார் 26 செ.மீ.
• 8 விழுக்காடு (4.6 பாகை): சுமார் 42 செ.மீ.
• 10 விழுக்காடு (5.7 பாகை): சுமார் 53 செ.மீ.
• 12 விழுக்காடு (6.8 பாகை): சுமார் 63 செ.மீ.

நின்று பார்ப்பவருக்கு 8 விழுக்காட்டுச் சரிவு பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆனால் ஊர்தியின் நீளத்தில் அது ஒரு நாற்காலி இருக்கையின் உயரத்தை நெருங்கிவிடுகின்றது. மிதமானதாகத் தோன்றும் வாகனப்பாதையிலும் கட்டைகளும் ஜாக்கிகளும் போதாமற் போவதற்கு இதுவே காரணம்.

சாய்வை அறியக் கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டமே போதுமானது. ஊர்தியின் தளத்தில் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்காக மட்டம் பார்ப்பதாயின், அப்பெட்டியின் உறைபகுதித் தளத்தின் மீதே ரசமட்டத்தை வைப்பது மிகவும் துல்லியமானது. ஊர்தியின் தளமும் பெட்டியும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமலும் இருக்கக்கூடும்.

ஊர்தியைப் பிடித்து நிறுத்தும் சக்கரங்கள்

சரிவில் நிற்கும் ஊர்தியை அதன் எடையின் ஒரு பகுதி எப்போதும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டேயிருக்கும். 10,000 கிலோகிராம் எடையுள்ள ஊர்தி 8 விழுக்காட்டுச் சரிவில் நின்றால், இவ்விழுவிசை ஏறத்தாழ 800 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். இதனை எதிர்த்து நிற்பது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. பூட்டப்பட்ட சக்கரம் மட்டுமே இவ்வுராய்வைத் தரும். தாராளமாகச் சுழலும் சக்கரம் ஊர்தியின் சுமையைத் தாங்கினாலும் அதனைப் பிடித்து நிறுத்துவதில்லை.

பின்சக்கர இயக்கம் கொண்ட வீட்டூர்திகளில், ஹேண்ட் பிரேக் எனப் பொதுவாக வழங்கும் நிறுத்தத் தடுப்பு பின்சக்கரங்களில் மட்டுமே செயற்படுவது வழக்கம். சிலவற்றில் அது சக்கரங்களில் நேரடியாகப் பொருந்தாமல், இயந்திரத்திலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டைப் பிடித்துக்கொள்கின்றது. தானியங்கிப் பல்லிணைப் பெட்டியின் 'பார்க்' நிலையும் இத்தண்டையே பூட்டுகின்றது. காற்றுத் தடுப்புகளை உடைய பெரிய டீசல் ஊர்திகளிலும் நிறுத்தத்துக்கான சுருள்வில் தடுப்பு பொதுவாகப் பின்புறத்திலேயே உள்ளது. இவ்வகை ஊர்திகளில் எல்லாத் தடுப்புகளையும் இட்ட பின்னரும் முன்சக்கரங்கள் தடையின்றிச் சுழலக்கூடியவை.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, பின்சக்கரங்கள் இரண்டும் தரையைவிட்டு உயர்ந்தால், ஊர்தியைப் பிடித்து நிறுத்த எதுவும் எஞ்சியிருப்பதில்லை. ஊர்தி ஜாக்கிகளின் மீதும், சுழலக்கூடிய முன்சக்கரங்களின் மீதும் நிற்கின்றது. நிலைக்குத்தாகச் சுமையைத் தாங்குவதற்கு ஏற்ப அமைக்கப்பட்ட ஜாக்கிகள், பக்கவாட்டில் வரும் 800 கிலோகிராம் இழுவிசையைத் தாங்க வேண்டியதாகின்றது. அவை வளைந்தோ சறுக்கியோ விழுந்தால் ஊர்தி தெருவை நோக்கி உருளும். பின்சக்கரங்கள் மீண்டும் தரையில் விழுந்து பூட்டுக்கொள்ளும் வரை அதனை எவராலும் நிறுத்த முடியாது.

இரண்டாவது, சுழல்தண்டைப் பிடிக்கும் தடுப்பு உள்ள ஊர்தியில், ஒரு பின்சக்கரம் மட்டும் உயர்ந்தாலும் ஆபத்தே. பின் அச்சிலுள்ள டிபரன்ஷியல், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிப்பது. தண்டு பூட்டப்பட்டிருக்கும்போது ஒரு சக்கரம் முன்னோக்கிச் சுழன்றால் மற்றது பின்னோக்கிச் சுழலும். தரையிலுள்ள சக்கரம் உருள முற்பட்டால், உயர்ந்து நிற்கும் சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று அதற்கு வழிவிட்டுவிடும். சக்கரங்களில் நேரடியாகச் செயற்படும் தடுப்புக்கு இக்குறை இல்லை. எனினும் பிடிப்பு பாதியாகக் குறையும்.

டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது மட்டும் போதுமானதன்று என்பதும் கருதத்தக்கது. ஜாக்கி அடிச்சட்டத்தை உயர்த்தும்போது, முதலில் அழுந்தியிருந்த வில்கள் விரிகின்றன. அந்நிலையில் டயர் தரையைத் தொட்டவாறே இருக்கும். ஆனால் அதன் மீதான சுமை பெரும்பாலும் ஜாக்கிக்கு மாறியிருக்கும். சுமை குறைந்தால் உராய்வும் குறையும். எனவே, தரையைத் தொடும் டயர் ஊர்தியைப் பிடித்து நிறுத்தும் டயராக இருக்க வேண்டும் என்பதில்லை.

நிறுத்தும் திசை

மேற்கூறியவற்றின்படி, பின்சக்கரங்களில் தடுப்பு உள்ள ஊர்தியை அதன் முகம் சரிவின் கீழ்ப்பக்கம் நோக்கியிருக்குமாறு நிறுத்துவதே முறையாகும். அப்போது தாழ்ந்திருப்பது முன்பகுதி. உயர்த்தப்பட வேண்டியதும் அதுவே. பின்சக்கரங்கள் தம் சுமையுடன் மேட்டுப்பக்கத் தரையில் ஊன்றி நின்று ஊர்தியைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேற்குறித்த 10,000 கிலோகிராம் ஊர்தியில் 6,000 கிலோகிராம் பின் அச்சின் மீது இருப்பதாகவும், உலர்ந்த தார்த்தளத்தில் உராய்வுக் கெழு 0.7 எனவும் கொண்டால், பின்சக்கரங்கள் 4,200 கிலோகிராம் வரையிலான இழுவிசையைத் தாங்கவல்லவை. 800 கிலோகிராம் இழுவிசைக்கு இது போதுமானது. ஈரத்திலும் பனியிலும் இவ்வளவு வெகுவாகக் குறையும்.

வீட்டு வாகனப்பாதையில் இயல்பாக நிகழ்வது இதற்கு நேர்மாறானது. மழைநீர் தெருவுக்கு வடிய வேண்டும் என்பதற்காகப் பல பாதைகள் வீட்டருகே உயர்ந்தும் தெருவருகே தாழ்ந்தும் அமைக்கப்பட்டுள்ளன. ஓட்டுநர் தெருவிலிருந்து நேராக உள்ளே ஓட்டி வந்தால், ஊர்தியின் முகம் மேட்டிலும் பின்புறம் பள்ளத்திலும் நிற்கும். அந்நிலையில் மட்டப்படுத்துவதற்குப் பின்சக்கரங்களையே உயர்த்த வேண்டியிருக்கும். ஆகையால், ஊர்தியைப் பின்னோக்கிச் செலுத்தி, முகம் தெருவைப் பார்த்திருக்கும்படி நிறுத்துவது விரும்பத்தக்கது.

பின்னோக்கிச் செலுத்தும்போது வேறொரு இடர் உண்டு. பெரிய வீட்டூர்திகளில் பின் அச்சுக்கு அப்பால் உடற்பகுதி வெகுதூரம் நீண்டிருக்கும். தெருவும் பாதையும் சந்திக்கும் இடத்தில் சாய்வு திடீரென மாறுவதால், ஊர்தியின் வால்பகுதி தரையில் உரசக்கூடும். பாதையை ஓரளவு குறுக்காக அணுகுவது, சக்கரங்கள் செல்லும் தடத்தில் பலகைகளை இடுவது ஆகியன இதற்கான வழிகள்.

முன்சக்கர இயக்கம் கொண்ட ஊர்திகளில் விடை வேறுபடும். ஐரோப்பாவில் பரவலாக உள்ள, ஃபியட் டுகாட்டோ அடிச்சட்டத்தில் அமைந்த வீட்டூர்திகளில், பல்லிணைப் பெட்டி முன்சக்கரங்களையும் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களையும் பிடிக்கின்றன. எனவே, எந்த முனையை உயர்த்தினாலும் மறுமுனையில் ஒரு பிடிப்பு எஞ்சும். ஆயினும், எந்தப் பிடிப்பு எஞ்சுகின்றது, அது அச்சரிவுக்குப் போதுமா என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

உயர்த்தும் கருவிகள்

பலகைகளும் கட்டைகளும்

மிகப் பழைய முறை, தாழ்ந்த பக்கச் சக்கரங்களின் முன் பலகைகளை அடுக்கி, அவற்றின் மீது ஊர்தியை ஏற்றுவதாகும். இம்முறையில் சக்கரத்தின் சுமை குறைவதில்லை. சக்கரம் பலகை வழியாகத் தரையில் ஊன்றியே நிற்கின்றது. ஆகவே பிடிப்பும் இழக்கப்படுவதில்லை. ஜாக்கியைவிட இது பழமையானதாயினும், இக்காரணத்தால் சரிவில் இது கூடுதல் உறுதியானது. அமெரிக்காவில் 2 அங்குலப் பலகை என விற்கப்படுவதன் உண்மையான கனம் 1.5 அங்குலமே, அதாவது 3.8 செ.மீ. ஆகும். உயரத்தைக் கணக்கிடும்போது இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் நெகிழிக் கட்டைகளும், ஐரோப்பாவில் ஆப்பு வடிவச் சாய்கட்டைகளும் பயன்படுகின்றன.

டயரின் அகலம் முழுவதும் கட்டையின் மீது அமைய வேண்டும். பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர்கள் உள்ள ஊர்தியில் இரண்டின் கீழும் கட்டை இருப்பது கட்டாயம். ஒன்றை மட்டும் ஏற்றினால், இரு டயர்களுக்குரிய சுமை முழுவதும் அந்த ஒன்றின் மீதே விழும்.

நீரியல் ஜாக்கிகளும் மின் ஜாக்கிகளும்

பெரிய வீட்டூர்திகளில் அடிச்சட்டத்தோடு நிலையாக இணைந்த ஜாக்கிகள் உள்ளன. ஓட்டுநர் இருக்கையருகே உள்ள பொத்தான்களால் இவை இயக்கப்படுகின்றன. தானாகவே மட்டம் பார்த்து உயர்த்தும் அமைப்புகளும் உண்டு. தானியங்கி அமைப்பு சாய்வை மட்டுமே அறியும். எந்தச் சக்கரம் ஊர்தியைப் பிடித்திருக்கின்றது என்பதனை அது அறியாது. எனவே சரிவான பாதையில் அதன் முடிவை அப்படியே ஏற்பது தகாது.

இவற்றின் நீள்வு பெரும்பாலும் 30 முதல் 40 செ.மீ. அளவினது. இதில் ஒரு பகுதி, தரையைத் தொடுவதற்கே செலவாகிவிடும். ஜாக்கியின் அடியில் உறுதியான கட்டைகளை வைத்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் குறுகலான கட்டைகளை உயரமாக அடுக்குவது சரிவில் ஆபத்தானது.

ஜாக்கிகளைத் தனித்தனியாக அன்றி இணையாகவே இயக்க வேண்டும். முன்னிரண்டு, பின்னிரண்டு, இடமிரண்டு, வலமிரண்டு என்றவாறு உயர்த்தினால் அடிச்சட்டம் முறுக்கப்படுவதில்லை. ஒரு மூலையை மட்டும் மிகுதியாக உயர்த்தினால் முறுக்கம் உண்டாகி, முன்கண்ணாடி விரிசலுறலாம், கதவுகள் இறுகிக்கொள்ளலாம்.

மட்டப்படுத்தும் ஜாக்கிகள் டயர் மாற்றுவதற்கோ, ஊர்தியின் அடியில் படுத்து வேலை செய்வதற்கோ உரியவை அல்ல. நீரியல் குழாய் ஒன்று கசிந்தாலே ஊர்தி தாழ்ந்துவிடும். ஜாக்கிகளால் மட்டும் தாங்கப்பட்ட ஊர்தியின் அடியில் எவரும் செல்லக்கூடாது.

காற்றுப் பைகள்

காற்றுத் தாங்கமைப்பு உடைய ஊர்திகளில், பைகளின் காற்றைக் கூட்டியும் குறைத்தும் சிறிய சாய்வுகளைச் சரிசெய்யலாம். இம்முறையிலும் சக்கரங்கள் தரையில் சுமையுடனேயே நிற்கின்றன. ஆனால் காற்றுப் பைகளால் கிடைக்கும் உயரம் குறைவு. நாட்கள் செல்லச் செல்லக் காற்று கசிந்து மட்டம் மாறவும் கூடும்.

தரையின் தாங்குதிறன்

ஜாக்கியின் பாதம் சிறியது என்பதால், சுமை ஒரே இடத்தில் குவிகின்றது. ஒரு ஜாக்கி 2,500 கிலோகிராம் தாங்குவதாகவும், அதன் வட்டப் பாதத்தின் விட்டம் 25 செ.மீ. எனவும் கொண்டால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 5 கிலோகிராம் அழுத்தம் தரையில் விழும். அதன் கீழ் 60 செ.மீ. பக்கமுள்ள சதுரமான, வளையாத தடித்த பலகையை இட்டால், அழுத்தம் சுமார் 0.7 கிலோகிராமாகக் குறையும். கோடை வெயிலில் இளகிய தார்த்தளத்தில் வெறும் பாதம் புதைந்து குழி உண்டாக்கும். பாவுகற்கள் பதித்த பாதையில் கல் உடையலாம் அல்லது அமிழலாம். ஒரு பாதம் மட்டும் அமிழ்ந்தால் சுமை மற்றவற்றுக்கு மாறி, ஊர்தி முறுக்கமுறும்.

சரிவில் இடப்படும் பலகை சறுக்காமல் இருக்க வேண்டும். வழவழப்பான பலகையைவிடச் சொரசொரப்பான ரப்பர்த் தகடு ஒட்டிய பலகை சிறந்தது.

செய்முறை ஒழுங்கு

பின்சக்கரத் தடுப்பு உடைய ஊர்தியை, முகம் கீழ்நோக்கிய நிலையில் ஜாக்கிகளால் மட்டப்படுத்தும் ஒழுங்கு பின்வருமாறு அமையும்:

1. ஊர்தியை நிறுத்தி, நிறுத்தத் தடுப்பை முழுமையாக இட வேண்டும். தடுப்பு சுமையை ஏற்ற பின்னரே 'பார்க்' நிலைக்கு மாற்ற வேண்டும்.
2. பின்சக்கரங்கள் இரண்டின் கீழ்ச்சரிவுப் பக்கத்திலும் தடைக்கட்டைகளை இடைவெளியின்றி நெருக்கி வைக்க வேண்டும். உயரப்போகும் முன்சக்கரங்களுக்கு மட்டும் கட்டை வைப்பது பயனற்றது.
3. ஊர்தியின் கீழ்ச்சரிவுப் பக்கத்திலும் அடியிலும் எவரும் இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் இதில் அடங்குவர்.
4. ஜாக்கிகளின் கீழ்ப் பலகைகளை இட வேண்டும். ஜாக்கி இயங்கும்போது கையை உள்ளே நீட்டக்கூடாது.
5. முன் ஜாக்கிகள் இரண்டையும் ஒன்றாக இறக்கி, நீளவாட்டில் மட்டம் வரும் வரை அல்லது ஏற்கத்தக்க எல்லைக்குள் வரும் வரை உயர்த்த வேண்டும்.
6. குறுக்குவாட்டுச் சாய்வைச் சிறிது சிறிதாகச் சரிசெய்ய வேண்டும்.
7. பின் ஜாக்கிகளை இறக்குவதாயின், ஆட்டத்தைத் தடுக்கும் அளவுக்குத் தரையில் ஊன்றினால் போதும். பின்சக்கரங்களின் சுமையைக் குறைக்கும் அளவுக்கு உயர்த்தக்கூடாது.
8. பின்சக்கரங்களையும் தடைக்கட்டைகளையும் மீண்டும் பார்வையிட வேண்டும்.

மட்டப்படுத்திய பின் வாசற்படி வழக்கத்தைவிட உயரமாகிவிடும். இருளில் இறங்குபவர் தவறி விழ நேரலாம் என்பதால், உறுதியான இடைப்படி ஒன்றை வைப்பது நன்று.

புறப்படும்போது இவ்வொழுங்கு தலைகீழாகும். நிறுத்தத் தடுப்பு இடப்பட்டுள்ளதை உறுதி செய்து, ஜாக்கிகளை மெதுவாகச் சுருக்கி, ஊர்தியின் சுமை முழுவதும் சக்கரங்களுக்கு மாறிய பின்னரே தடைக்கட்டைகளை அகற்ற வேண்டும். அகற்றும்போது ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் தடுப்பை மிதித்தவாறு இருப்பது பாதுகாப்பானது. ஜாக்கிகள் முழுமையாகச் சுருங்காமல் ஊர்தியை நகர்த்தினால் அவை வளைந்துவிடும்.

மிகைச் சரிவுகளும் மாற்று வழிகளும்

மலைப்பாங்கான புறநகர்களில் 10 விழுக்காட்டைத் தாண்டிய வாகனப்பாதைகள் அரிதல்ல. இவற்றில் முழு மட்டத்தை அடைய முயல்வது ஜாக்கிகளின் எல்லையை மீறுவதாகும். மட்டம் என்பது பெரும்பாலான தேவைகளுக்குத் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, 8 விழுக்காட்டுச் சரிவில் மேற்குறித்த ஊர்தியை முழுமையாக மட்டப்படுத்த 42 செ.மீ. உயர்த்த வேண்டும். ஆனால் குளிர்சாதனப் பெட்டியின் 3 பாகை எல்லைக்குள் கொண்டுவர 15 செ.மீ. உயர்த்தினாலே போதும். இதனை நான்கு பலகைகளின் அடுக்கே தந்துவிடும். எல்லைக்குச் சற்று உட்பட்டே நிறுத்துவது நன்று என்பதால், ஐந்தாவது பலகை ஒன்றைச் சேர்ப்பது பொருத்தமாகும்.

இதுவும் இயலாதபோது பின்வரும் வழிகள் உள்ளன:

• ஊர்தி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் காலத்தில் உறிஞ்சுவகைப் பெட்டியை அணைத்து வைத்தல். பயணத்துக்கு முன் உணவை வீட்டுப் பெட்டியில் குளிர்வித்துப் பனிக்கட்டிப் பேழையில் எடுத்துச் செல்லல்
• பாதையின் மேற்பகுதியில் சாய்வு குறைந்த இடத்தைத் தேர்தல்
• அகலம் இடம் கொடுத்தால், சரிவுக்குக் குறுக்காக நிறுத்துதல். அச்சிடைத் தூரத்தைவிடச் சக்கரங்களின் குறுக்குத் தூரம் குறைவாதலால், உயர்த்த வேண்டிய அளவும் குறையும். ஆயினும் பக்கவாட்டில் கவிழும் இயல்பு கூடுவதையும், இரு பின்சக்கரங்களும் தரையில் ஊன்றி நிற்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.
• தாங்குசுவருடன் கூடிய மட்டமான காங்கிரீட்டு மேடை ஒன்றை அமைத்தல். செலவு மிக்கதாயினும் நெடுங்காலத்துக்கு ஏற்ற தீர்வு இதுவே.

பின்புறம் பள்ளத்தில் இருக்கும்படி மட்டுமே நிறுத்த முடியும் என்ற நிலையில், பின்சக்கரங்களை ஜாக்கியால் உயர்த்துவதைத் தவிர்த்து, அவற்றைப் பலகைகளின் மீது ஏற்றி நிறுத்த வேண்டும். உயரம் அதற்கும் மிகுதியாக இருக்குமாயின், அவ்விடம் மட்டப்படுத்துவதற்கு உரியதன்று. சாய்ந்து நிற்கும் ஊர்தியால் உறக்கம் கெடலாம், குளிர்சாதனப் பெட்டியை அணைத்து வைக்க நேரலாம். பிடிப்பிழந்து தெருவில் உருளும் ஊர்தி உயிரிழப்பை ஏற்படுத்தவல்லது.